ஃபிலிம் கழுவும் பாட்டு

மார்ச் 9, ஞாயிறு

இன்று கழுவிய ஃபிலிமிலும் கோடு. துணி கிளிப்பில் மாட்டிக் காயப்போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. வானம் ஒரே சீராக இருக்க வேண்டிய இடத்தில், மழை ஒழுகிய சுவர் மாதிரி மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு நெகட்டிவ் முழுவதும் தேவைக்குமேல் கறுத்துக் கிடக்கிறது. பொங்கலுக்கு எடுத்த சுருளில் இது லேசாகத் தலைகாட்டியது. அப்போது கண்டுகொள்ளாமல் விட்டேன்.

கற்றுக்குட்டி என்றால் போகட்டும் என்று விடலாம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் ஃபிலிம் கழுவுகிறேன். வாரமெல்லாம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணுக்கு நம்பர் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. அன்று காலை குளியலறை எனக்குச் சொந்தம். டிபன் முடிந்தபிறகு யாரும் குளிக்க முடியாது என்பது இந்த வீட்டுச் சட்டம். மகள் சங்கரி கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போகும்வரை இதற்காகவே என்னோடு சண்டை போட்டாள்.

இன்று கெட்டது சோதனைச் சுருள்தான். மொட்டை மாடியிலிருந்து எடுத்த வானம், தண்ணீர்த் தொட்டி, எதிர்வீட்டு முருங்கை. அது போனால் போகிறது. என் கவலை ஃபிரிட்ஜில், மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு டப்பாவில் இருக்கிறது. போன ஞாயிறு தூத்துக்குடியில் சம்பந்தி வீட்டில் சங்கரிக்கு வளைகாப்பு. கூட்டத்தில் எல்லோரும் செல்போனில் எடுத்தார்கள். நான் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைச் சுருள் எடுத்தேன். அன்றைக்கே சங்கரி சொல்லிவிட்டாள்.

“அப்பா, போன்ல எடுத்ததெல்லாம் ரெண்டு நாள் பாத்துட்டு மறந்துருவேன். எனக்கு நீங்க எடுத்ததுதான் வேணும். பிள்ளை வாரதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல என் ரூம் சுவத்துல மாட்டி வைங்க.”

மே கடைசியில் அவளுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அந்த டப்பாவை நான் திறக்கப் போவதில்லை. வளைகாப்பை மறுபடி நடத்தச் சொல்லிச் சம்பந்தியிடம் கேட்கவா முடியும்?

மார்ச் 12, புதன்

யோசித்துப் பார்த்ததில், ஃபிலிமில் படத்தை வரவழைக்கிற மருந்தான டெவலப்பர் மேல்தான் சந்தேகம். தூள் வாங்கி ரொம்ப நாளாகிவிட்டது. பொட்டலத்தின் ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது. சென்னைக்குப் போன் போட்டுப் புதுசு அனுப்பச் சொல்லிவிட்டேன்.

என் மனைவி வடிவு கொடுத்த ரசத்தில் புளி தூக்கல். சொன்னேன். “அப்படியா” என்றாள், அவ்வளவுதான். பழைய வடிவாக இருந்தால் என் நாக்கை ஒரு பிடி பிடித்திருப்பாள்.

மார்ச் 16, ஞாயிறு

புது டெவலப்பர், புது ஃபிக்ஸர். பழைய கோடு.

தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் வேலைமுறையை ஒருமுறை முழுசாக எழுதிப் பார்த்தால் எங்காவது ஓட்டை தெரியலாம்.

இருட்டில் ஃபிலிமை ரீலில் சுற்றி எவர்சில்வர் டேங்குக்குள் வைத்து மூடுவேன். மூடிய பிறகு விளக்குப் போடலாம். டெவலப்பரை ஊற்றுவேன். ஊற்றியபின் டேங்கை அவ்வப்போது தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அடியில் ஒரு தட்டுத் தட்டிக் குமிழியை விரட்ட வேண்டும். பிறகு அசையாமல் வைக்க வேண்டும். கவிழ்ப்பதை மறந்து டேங்கை அப்படியே வைத்திருந்தால் மருந்து ஒரே இடத்தில் தேங்கி வேலை செய்து ஃபிலிமில் கோடு இறங்கும். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற பாடம். ஆனால் என் வீட்டில் அந்தத் தவறு நடக்க வழியே இல்லை. ஏனென்றால் நான் கடிகாரத்தை நம்புகிறவன் இல்லை, வடிவை நம்புகிறவன்.

கல்யாணமான புதிதில் முருகன்குறிச்சியில் வாடகை வீடு. அப்போது டேங்க் கிடையாது. இருட்டிலேயே தட்டில் போட்டுக் கழுவுவேன். எத்தனை எண்ணினேன் என்பது பாதியில் மறந்துபோகும். வடிவு பாட்டு டீச்சர். தாளத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “நான் பாடுதேன், நீங்க அதுக்குத் தக்கன செய்யுங்க” என்றாள். டேங்க் வாங்கியதும் அதற்கென்றே ஒரு பாட்டும் கட்டினாள். பல்லவி எனக்கான உத்தரவு.

கவிழ்த்து வை, நிமிர்த்து வை,
தட்டித் தட்டி இறக்கி வை.

பல்லவி வரும்போது நான் கவிழ்ப்பேன். சரணம் பாடும்போது சும்மா வைத்திருப்பேன். சரணமெல்லாம் அடுப்படிச் சமாசாரம். உலை கொதிப்பது, பருப்பு வேவது, பூனை பாலைக் குடிப்பது. பாட்டு முடிந்தால் டெவலப்பரைக் கொட்டி, படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்ஸரை ஊற்ற வேண்டும்; தாமதித்தால் ஃபிலிம் கறுத்துவிடும். சங்கரி பிறந்த வருஷம் வேறு ஃபிலிமுக்கு மாறினேன், அதற்கு நேரம் கொஞ்சம் கூட வேண்டியிருந்தது. வடிவு தூங்கும் பிள்ளையைப் பற்றி ஒரு சரணம் சேர்த்துக் கடைசியில் ஒட்டிவிட்டாள். அந்தக் காலத்தில் கைக்கடிகாரத்தை வைத்துப் பலமுறை சோதித்திருக்கிறேன். ஒரு மூச்சு முன்னே பின்னே போகாது.

ஆக அதில் ஓட்டை இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

சாப்பிடும்போது ஃபேன் சண்டை. நான் போட, அவள் நிறுத்த. வெளியே வெயில் கொளுத்துகிறது, இவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிருகிறது என்கிறாள். வளைகாப்பிலும் இதே கூத்துத்தான். எல்லோரும் பட்டுப்புடவையில் வேர்த்து வழிய, இவள் மட்டும் சால்வையோடு நின்றாள். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது என்று சொன்னால், “நீங்க வேணா குளியலறையில போய் உக்காந்து சாப்பிடுங்க, உங்க இடந்தான” என்கிறாள்.

மார்ச் 19, புதன்

தண்ணீர். இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? பொங்கலிலிருந்து எங்கள் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மற்ற நாளில் போர் தண்ணீர். அதில் பருப்பே வேகாது, ஃபிலிம் எங்கே வேகும்? இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் இரண்டு கேன் வாங்கி வந்துவிட்டேன். கடைக்காரர் என் இன்வர்ட்டர் எவ்வளவு பெரிது என்று விசாரித்தார்.

வடிவின் வளையல் கை மணிக்கட்டில் இறுக்குகிறதாம். சோப்புப் போட்டுக் கழற்றித் தந்தேன். வளைகாப்புக்குச் சம்பந்தி அம்மா போட்ட கண்ணாடி வளையல். சின்ன அளவு வாங்கிவிட்டார்கள் போல.

மார்ச் 23, ஞாயிறு

பேட்டரித் தண்ணீரிலும் கோடு. போன வாரத்தைவிட மோசம். எதிர்வீட்டு முருங்கை மரம் வானத்தில் வேர்விட்ட மாதிரி இருக்கிறது.

கோபத்தில் வடிவிடம் எரிந்து விழுந்தேன். பாட்டுக்கு நடுவில் அவள் இருமினாள், சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே தொண்டை கம்மிக் கிடக்கிறது. இப்படி இழுத்துப் பாடினால் எப்படி என்று கேட்டேன். “நான் எப்பவும் போலத்தான் பாடுதேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். போய்ப் பார்த்தால் கட்டிலில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். பட்டப்பகல், அடுப்பில் சோறு. நானே வடித்து, நானே துவையல் அரைத்து எழுப்பினேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைக்கிறேன். பேசாமல் இருப்பதைவிடத் திட்டினால் நன்றாக இருக்கும்.

மார்ச் 24, திங்கள்

டேங்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். பளபளக்கிறது. அதில் என் முகம் தெரிந்தது, எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

மனசு சரியில்லை. கடையை மூடிவிட்டு வந்தபோது வாசலில் ஒரு மாணவியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். இந்த மாதத்தோடு பாட்டு கிளாஸை நிறுத்திக்கொள்கிறோம் என்று என்னிடம் சொன்னார். டீச்சரிடம் சொல்லச் சங்கடமாம். ஏன் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி வந்தது. வகுப்பு நடக்கும்போதே டீச்சர் உட்கார்ந்தபடி தூங்கிவிடுகிறார்களாம். தாளம் போடும்போது பிள்ளை முன்னே போய்விடுகிறதாம், டீச்சர் பின்னாலிருந்து பிள்ளையைத் திட்டுகிறார்களாம்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். என் மனைவியின் தாளத்தைப் பற்றி இந்த ஊரில் யாருக்குப் பேசத் தகுதி இருக்கிறது என்று கேட்டே விட்டேன். அந்த அம்மா பாவம், தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே வந்தால் வடிவு தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிறைய முடி. அதைச் சுருட்டி ஜன்னலில் வைத்துவிட்டு, காப்பி போடவா என்று கேட்டாள். போடு என்றேன், வாசலில் கேட்டதை மறைத்து.

மார்ச் 30, ஞாயிறு

டிபன் முடிந்து வடிவு படுத்துவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. போன வாரம் எரிந்து விழுந்தது வேறு உறுத்திக்கொண்டிருந்தது. சரி, இன்றைக்கு ஒருநாள் தனியாகச் செய்து பார்ப்போம் என்று செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு ஒரு சோதனைச் சுருளைக் கழுவினேன். மற்ற எல்லாம் அதேதான். அதே டெவலப்பர், அதே தண்ணீர், அதே டேங்க். பாட்டு மட்டும் இல்லை. செல்போன் காட்டிய நேரத்துக்குக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன், தட்டினேன். குளியலறை அவ்வளவு நிசப்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

ஃபிலிமை வெளியே எடுத்து ஜன்னலில் பிடித்தேன். கோடு இல்லை. வானம் வழித்துத் துடைத்த மாதிரி இருக்கிறது. கறுப்பு அளவாக இருக்கிறது. முருங்கை இலை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

ஒரு நிமிஷம் துள்ளினேன். அடுத்த நிமிஷம் வடிவு எழுந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்தேன்.

கோடு மறைந்த காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை.

மார்ச் 31, திங்கள்

நெகட்டிவைக் கடைக்கு எடுத்துப்போய் லென்ஸ் டிராயரில் வைத்துவிட்டேன். நான் கழுவிய ஃபிலிமை வடிவிடம் காட்டாமல் வைப்பது இதுதான் முதல் தடவை.

அவளிடம் என்னவென்று சொல்வது? உன் தாளம் பிசகுகிறது என்றா? அவளிடம் இருந்து வேறு எதை எடுத்துக்கொண்டாலும் தாங்குவாள். இது அவளுடைய முதுகெலும்பு. ஒருவேளை நான்தான் ஏதோ தப்பாகப் பார்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது. சரி பார்க்க ஒரு வழி இருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோது, அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பாடுவதைச் சங்கரி போனில் வீடியோ எடுத்தாள். அதை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். எதற்கு என்றாள். சும்மா, கேட்கத் தோன்றுகிறது என்றேன். “அம்மாகிட்டயே பாடச் சொல்லிக் கேக்க வேண்டியதான” என்று சிரித்தாள்.

ஏப்ரல் 2, புதன்

கடைக்கு மதியம் விடுமுறை விட்டுவிட்டு வந்தேன். வடிவு படுத்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து வீடியோவைப் போட்டேன். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். ஆனால் அந்தக் குரலை எவ்வளவு குறைத்தாலும் அது சுவரைத் தாண்டும். கணீரென்று வந்தது. பல்லவி, சரணம், பல்லவி. என் கை தானாகத் தொடைமேல் கவிழ்த்து நிமிர்த்தத் தொடங்கிவிட்டது. அந்த ஓட்டத்தைக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிமிர்ந்தால் வடிவு சால்வையோடு வாசற்படியில் நிற்கிறாள்.

“யாருங்க இது, நம்ம பாட்ட இந்த ஓட்டம் ஓட்டுதது?”

போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். பக்கத்தில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். திரையில் அவளே ஸ்டூலில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு முடியும்வரை பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். இந்தத் தடவை அதோடு சேர்ந்து பாட முயன்றாள். முதல் சரணத்திலேயே போன் முன்னே போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை, பின்னாலேயே போனாள். போன் பாடி முடித்து நின்ற பிறகும் அவளுக்குச் சரணம் மிச்சம் இருந்தது. அதையும் பாடி முடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பிள்ளைகதான் ஓடுதுன்னு நெனச்சேன்” என்றாள். “ரேடியோ ஓடுது, பஜார்ல சனம் ஓடுது, நீங்களும் ஓடுதிய. நான் ஒருத்திதான் நிதானமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பிறகு கேட்டாள்: “அந்தக் கோடு என்னாலதானா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் நாற்பது பேருக்கு ஒருநாளில் கண் பார்க்கிறவனால் இவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். சால்வையின் ஒரு நுனியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டு, “ஃபிலிமுதான போச்சு, விடுங்க” என்றாள். ஃபிலிமுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. நினைத்தாளா, அப்படி நினைத்ததாகக் காட்டிக்கொண்டாளா தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டர் ரெஜினாவிடம் போனோம். வடிவுக்கு மூளையில் ஏதோ என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, வழியெல்லாம் ஆட்டோவில் அவள் கையைப் பிடித்தபடி வந்தேன். அவள் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சாவகாசமாகக் கேட்டார். குளிருகிறதா? முடி கொட்டுகிறதா? தொண்டை கம்மியிருக்கிறதா, கை கால் வீங்குகிறதா, பகலில் தூக்கம் வருகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் நெளிந்தேன். ஒவ்வொன்றும் வீட்டில் நான் சண்டை போட்ட விஷயம், இல்லையென்றால் சம்பந்தி அம்மாமேல் பழி போட்ட விஷயம். வடிவு பதில் சொல்லும்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுகிறாள் என்பது அந்த அறையில்தான் எனக்குக் கேட்டது. டாக்டர் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எழுந்தது, திரும்பிக் கீழே இறங்க அதற்கு மனசே இல்லை.

இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். சனிக்கிழமை ரிசல்ட்.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைக்குப் போகவில்லை. ஃபேனையும் போடவில்லை.

ஏப்ரல் 5, சனி

தைராய்டு.

அவ்வளவுதான். தைராய்டு. நான் வைக்காத கோயில் வேண்டுதல் இல்லை, கடைசியில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற தைராய்டு. சுரப்பி ரொம்ப மந்தமாகிவிட்டதாம், அதனால் உடம்பு மொத்தமும் தாளம் குறைந்து ஓடுகிறதாம். டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, இது நான் சொல்வது. மாத்திரை தினமும் போட வேண்டும். உடனே தெரியாது, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் தெரியும். குரலும் திரும்பும் என்றார். வடிவு அதை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும். அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது. இதைக் கேட்டதும்தான் வடிவின் முகம் வாடியது. கண் விழித்ததும் காப்பி இல்லையென்றால் அவளுக்கு அது விடிந்த கணக்கிலேயே சேராது. நானும் அந்த ஒரு மணி நேரம் குடிக்கப் போவதில்லை என்று சொன்னேன். “உங்களுக்கு எதுக்கு இந்த வீராப்பு” என்றாள். மந்தமாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் காப்பி இல்லாமல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். இருவருக்கும் தலைவலி. பேப்பர்க்காரர் பயந்துபோய்ப் பேப்பரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை முதல் நாள்

வேப்பம்பூப் பச்சடி நான் செய்தேன், கசப்பு மட்டும்தான் வந்தது.

மத்தியானம் வளைகாப்புச் சுருளைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்போது கோட்டின் காரணம் தெரிந்துவிட்டது, செல்போன் இருக்கிறது, நாளைக்கே கழுவிவிடலாம். அதை நான் சொல்லவில்லை. வடிவே சொன்னாள், போனை வைத்துக் கழுவிவிடுங்கள் என்று. சொல்லிவிட்டு வாழை இலையை மடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே பேசினாள்.

“இல்லைங்க. அது நம்ம பிள்ள வளைகாப்பு. அத நான் பாடித்தான் கழுவணும். கொஞ்சம் பொறுப்பியளா?”

பொறுக்கிறேன் என்றேன். சங்கரிக்குத் தேதி நெருங்குகிறது, மாத்திரை எப்போது வேலை செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் பொறுப்பேன்.

சும்மா இருக்க அவளால் முடியவில்லை. “மெதுவாப் பாடுத ஆளுக்குத் தக்கன பாட்ட மாத்துவோம்” என்றாள். ஒவ்வொரு சரணத்தையும் பாதியில் உடைத்து நடுவில் ஒரு பல்லவியைச் செருகினாள், டேங்க் நீண்ட நேரம் சும்மா நிற்கக்கூடாது என்பதற்காக. மொத்தப் பாட்டும் நீண்டுபோவதால் கடைசிச் சரணத்தை எடுத்துவிட்டாள், சங்கரிக்காகச் சேர்த்த அந்தச் சரணம். என்ன வடிவு, அதையா வெட்டுகிறாய் என்று கேட்டேன். கடைசியில் இருக்கிறது, வெட்ட வசதி என்றாள். ஜாக்கெட் தைக்கும்போது இப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டு கத்தரிப்பாள்.

ஒரு சோதனைச் சுருளைப் புதுப் பாட்டுக்குக் கழுவினேன். கோடு இல்லை. பாட்டு முடியவும் செல்போனில் நேரம் முடியவும் சரியாக இருந்தது. அவளிடம் ஓடிப்போய்க் காட்டினேன். முருங்கை மரத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சங்கரி வந்துவிட்டாள். மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். வந்ததும் வெறும் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அம்மா பாடிக் கழுவப் போகிறாள், கொஞ்சம் பொறு என்றேன். தைராய்டு விஷயம் அவளுக்குப் போனிலேயே தெரியும். பாட்டு விஷயம் தெரியாது. இரண்டு பேரும் அடுப்படியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தபோது சங்கரியின் கண் சிவந்திருந்தது. “அவசரமில்லப்பா” என்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு மகள் புழுங்குகிறது என்கிறாள், அம்மா குளிருகிறது என்கிறாள். நான் நடுவில் உட்கார்ந்து ஃபேனை இரண்டில் வைத்துச் சமாதானம் செய்தேன்.

மே 7, புதன்

வடிவு மத்தியானம் தூங்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

மே 12, திங்கள்

துவையலில் உப்பில்லை என்று சொல்லிவிட்டேன். “நாக்குல தைராய்டு இருக்கான்னு நீங்களும் போய்ப் பாருங்க” என்றாள். நான் சிரித்த சிரிப்பில் சங்கரி என்னவோ ஏதோவென்று எழுந்து வந்துவிட்டாள்.

மே 18, ஞாயிறு

காலையில் ஒரு மணி நேரம் காத்திருந்து காப்பி குடித்தோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வடிவு, “இன்னைக்கு அந்த டப்பாவ எடுங்க” என்றாள்.

இருட்டில் ரீலில் சுற்றும்போது ஒருமுறை வழுக்கி, மறுபடி முதலிலிருந்து சுற்றினேன். டேங்கை மூடி விளக்கைப் போட்டேன். வெளியே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. போனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள், நம் பிள்ளை விஷயத்தில் விளையாடக்கூடாது என்று. அதை வாஷ்பேசின்மேல் சாய்த்து வைத்தேன். ஊற்றட்டுமா என்று கேட்டேன். ஊற்றுங்கள் என்றாள்.

பாடினாள். முதல் பல்லவிக்குக் கவிழ்த்தேன். சரணத்துக்கு வைத்தேன். குரலில் இன்னும் லேசாகக் கரகரப்பு இருக்கிறது, ஆனால் அடியில் அந்தப் பழைய கணீர் எட்டிப்பார்க்கிறது. உலை கொதித்தது, பருப்பு வெந்தது, பூனை வந்து பாலைக் குடித்தது. நடுநடுவே செருகிய பல்லவி வரும்போதெல்லாம் கவிழ்த்தேன், தட்டினேன், இறக்கினேன். போனைப் பார்க்கக்கூடாது என்று சொட்டும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்தது.

“முடிஞ்சிட்டு, கொட்டுங்க” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

டேங்கைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் போன் கண்ணில் பட்டது. நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“வடிவு, இன்னும் மிச்சம் இருக்கு.”

“என்ன மிச்சம்?”

“நேரம் மிச்சம் இருக்கு. நீ வெட்டினியே, அந்தச் சரணத்தையும் பாடு.”

வெளியே ஸ்டூல் ஒருமுறை கிரீச்சிட்டது. பழைய ஓட்டம் திரும்பிவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு தொடையில் தாளம் விழுந்தது, தெளிவாக, அந்த வீடியோவில் கேட்ட அதே இடைவெளியில்.

கண்ணை மூடிக் கிடக்குது,
கறுப்புக்குள்ளே சிரிக்குது,
வெளிச்சம் காட்டி எழுப்பாதே,
விளையும் முன்னே பறிக்காதே.

பல்லவிக்கு இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. சங்கரி கட்டிலிலிருந்து எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கவிழ்த்து வை, நிமிர்த்து வை. கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு டேங்க் சரியாகத் தெரியவில்லை. பல்லவி முடிந்ததும் போன் மணியடித்தது.

ஃபிக்ஸர் முடித்து, அலசி, ஈரத்தோடு கூடத்து ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். மூன்று பேரும் கோட்டைத் தேடினோம். ஒரு கோடுகூட இல்லை. தாம்பாளம், வளையல் அடுக்கு, சங்கரியின் கன்னத்தில் சந்தனம், சம்பந்தி அம்மாவின் பெரிய சிரிப்பு. ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஓரத்தில் வடிவு சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து முதலில் சிரித்தது அவள்தான். எதைச் சுவரில் மாட்டுவது என்று அம்மாவும் மகளும் இப்போதே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். சால்வை இல்லாததாக எடுங்கள் என்கிறாள் வடிவு. சால்வையோடு இருக்கிற அம்மாதான் வேண்டும் என்கிறாள் சங்கரி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு வந்து இலையில் கைவைத்தேன். வடிவு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள், என்ன இப்படிப் புழுங்குது என்று முனகினாள், எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.